மல்லாந்து கிடந்து படித்த கல்

பெரம்பலூரில் என்னை முதலில் சந்தேகப்பட்டது ஒரு நாய். அதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். யுத்தம் முடிந்தும் பெட்ரோல் தட்டுப்பாடு முடியவில்லை. அந்தப் பக்கத்து பஸ்கள் இன்னும் கரிப்புகையில்தான் ஓடிக்கொண்டிருந்தன. பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய இரும்புப் பீப்பாய், அதற்குள் கனன்றுகொண்டிருக்கும் அடுப்புக்கரி, அதை ஒட்டிய ஆசனத்தில் நான். ஏற்றம் வந்த இடங்களில் கண்டக்டர், "ஆம்பளைங்க எல்லாம் எறங்கித் தள்ளுங்க!" என்றார். தள்ளினோம். இறக்கம் வந்த இடங்களில் பஸ் எங்களை விட்டுவிட்டு ஓடியது. துரத்தினோம். பெரம்பலூரில் வந்து நின்றபோது என் வேட்டியும் நானும் ஒரே நிறமாகியிருந்தோம். நாய் தன் கடமையைச் செய்தது.

நான் கொழும்பில் ஒரு தேயிலைக் கம்பெனியில் குமாஸ்தா. பிறந்தது யாழ்ப்பாணம். இந்தியாவுக்கு வந்தது ஸ்ரீரங்கத்தில் என் மனைவியின் நேர்த்திக்கடன் ஒன்றைத் தீர்க்க. லீவு கேட்டுப் போனபோது என் துரை கடிதத்தைப் படித்துவிட்டு, "திருச்சிராப்பள்ளிப் பக்கமா?" என்று நாற்காலியில் நிமிர்ந்தார். அவர் அப்படி நிமிர்ந்தால் எனக்கு வேலை வருகிறது என்று அர்த்தம்.

அவர் வாலிபத்தில் சீமையிலிருந்து இலங்கைவரை ஆகாய விமானத்தில் பறந்தவர். ஓட்டியவர் வேறொருவர், எங்கள் துரை பின்னால் உட்கார்ந்து எண்ணெய் ஊற்றிக்கொண்டு வந்தவர். அவ்வளவு குறைந்த நாட்களில் அவ்வளவு தூரம் அதற்கு முன்னால் யாரும் பறந்ததில்லையாம். வழியில் இயந்திரம் மக்கர் பண்ணி, பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஒரு வயலில் இறங்கி, பழுது பார்த்து, மறுபடி எழும்பியிருக்கிறார்கள். சில வருஷம் கழித்து, வெள்ளைக்காரர்கள் சிலர் கூடி அந்த இடத்தில் ரோட்டோரமாக ஒரு ஞாபகக் கல் நாட்டினார்கள். துரை அதைப் பார்த்ததில்லை. இனிப் பார்க்கப் போவதும் இல்லை; வருஷக் கடைசியில் சீமைக்கே திரும்புகிறார்.

"நீ போய்ப் பார்த்து வா" என்றார். பார்த்தேன் என்று நான் வாயால் சொன்னால் போதாதாம். கதவகலக் காகிதத்தைச் சுருட்டிக் கையில் கொடுத்தார்; கூடவே கறுப்பு மெழுகுக் கட்டி ஒன்று. காகிதத்தைக் கல்லின்மேல் விரித்து மெழுகால் தேய்த்தால் எழுத்தெல்லாம் அப்படியே படியுமாம். பதினொரு வருஷம் அவரிடம் வேலை பார்த்திருக்கிறேன். அந்த மெழுகுக் கட்டியின் அளவுக்குத்தான் அவருக்கு என்மேல் நம்பிக்கை.

"கல் சாய்ந்திருந்தாலோ இடம் மாறியிருந்தாலோ உடனே சொல்" என்றார். "அந்த ஜில்லாவில் எனக்கு வேண்டிய அதிகாரி ஒருவர் இருக்கிறார். ஒரு கடிதம் போதும். எங்கே கிடந்தாலும் தோண்டி எடுத்துப் பழைய இடத்தில் நட்டுவிடுவார்கள்."

இந்த விஷயத்தை நான் வெளியே சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் என் வாய்க்குப் பூட்டுப் போட்டவர் இன்னும் பிறக்கவில்லை. பெரம்பலூர்க் காப்பிக் கடையில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அதுவும் ஒழுங்காகக் கொட்டவில்லை. "எங்கேருந்து வர்றீங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

"கொழும்பிலையிருந்து வாறன்."

"கொளும்பா?" அவர் என் சுருளைப் பார்த்தார். "பேச்சு ஒரு மாதிரியா இருக்கே. அது என்னங்க, மேப்பா? நெலத்த அளக்க வந்திருக்கீங்களா?"

"இது வெறும் காகிதம்."

பக்கத்தில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த தபால்காரர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "வெறும் காயிதத்த எவனாச்சும் கடல் தாண்டித் தூக்கிட்டு வருவானா? நெல்லு பதுக்கல் புடிக்கிற ஆளா இருக்கும்ணே. போன மாசம் தா.பழூர்ல வந்தவன்கூட இப்புடித்தான், சாமி கும்புட வந்தேன்னான். மறுநா குதுருகுதுரா தொறந்து பாத்துட்டான்."

பயந்துபோய் உண்மையைச் சொன்னேன். துரை, விமானம், கல், அதிகாரி, தோண்டுவது, நடுவது, எல்லாவற்றையும். கல் என்றதும் கடையில் சத்தம் நின்றது. வடைச் சட்டிகூடக் கொஞ்சம் அடங்கினதுபோல எனக்குப் பட்டது.

"ஏரோப்ளேன் கல்லா?" என்றார் கடைக்காரர், மேசையைத் துடைத்தபடியே. துடைத்த இடத்தையே மூன்று தரம் துடைத்தார். "அப்புடி ஒண்ணு இங்க இல்லீங்களே."

"அரியலூர் ரோட்டிலை நிக்குதெண்டு சொன்னவை."

"சொல்லுவாங்க. ஆயிரம் சொல்லுவாங்க."

காப்பி வந்தது. யுத்த காலத்துக் காப்பியில் புளியங்கொட்டையை வறுத்துக் கலப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். இது அப்படியல்ல, இதில் காப்பியைக் கலந்திருக்கிறார்களோ என்றுதான் சந்தேகம் வந்தது. தேயிலைக் கம்பெனிக்காரன் காப்பியைக் குறை சொல்வது தர்மமில்லை என்பதால் குடித்தேன்.

குடித்து முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "கல்லுதானே பாக்கணும்? நான் காட்டுறேன், வாங்க."

ஐம்பது வயசு இருக்கும். தலையில் துண்டு, கையில் தார்க்குச்சி, மீசையில் பாதி வெள்ளை. பெயர் காத்தமுத்து. அரியலூர் ரோட்டில் ஒரு கிராமத்துக்காரர். கூண்டு வண்டி வைத்திருக்கிறார். நான் கேட்காமலேயே உதவிக்கு வந்த முதல் மனிதர். ஆகவே அந்த நிமிஷத்திலிருந்து அவரை நான் நம்பவில்லை.

மறுநாள் காலை சத்திரத்து வாசலில் வண்டி தயாராக இருந்தது. வெயில் ஏறியபோதுதான் கவனித்தேன்: காலைச் சூரியன் என் வலக் காதைச் சுட்டுக்கொண்டிருந்தது. நான் பூகோளத்தில் புலியில்லை; ஆனாலும் அரியலூர் கிழக்கே என்பது எனக்குத் தெரியும்.

"காத்தமுத்தண்ணை, நாங்கள் வடக்கை போறமோ?"

"கல்லு எங்க இருக்கோ அங்க போறோம்" என்றார். மாடுகளிடம் ஏதோ சொன்னார். மாடுகள் திரும்பி என்னைப் பார்த்தன.

மத்தியானத்துக்கு வாலிகண்டபுரம் வந்து சேர்ந்தோம். பெரிய பழைய சிவன் கோயில். காத்தமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஆளுயரத் தூண் ஒன்றைத் தட்டிக் காட்டினார். "இதோ கல்லு."

"இது கோயில் தூண் அண்ணை."

"ஏன், தூணு கல்லில்லியா? இம்மாம் பெரிய கல்லு உங்க தொர ஊர்ல உண்டா?"

கோயில் அழகாகவே இருந்தது. நான் ஸ்ரீரங்கத்தில் கூட்டத்தில் பார்க்க முடியாமல் போன பெருமாளுக்கும் சேர்த்து இங்கே சிவனை ஆற அமரப் பார்த்தேன். மனைவியின் நேர்த்திக்கடனில் பாக்கி ஏதாவது இருந்தால் அதுவும் அன்றோடு தீர்ந்திருக்கும். திரும்பும் வழியில் காத்தமுத்து தூக்குவாளியைத் திறந்து கம்பஞ்சோறும் மொச்சைக் குழம்பும் கொடுத்தார். இடியாப்பமும் சொதியும் தின்று வளர்ந்த வயிறு இதை என்ன செய்யுமோ என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன். பிறகு வாளியின் அடியைச் சுரண்டியதும் நானே. இவ்வளவு நல்ல சாப்பாடு போட்டு ஒரு மனிதர் என்னிடம் எதை மறைக்கிறார் என்ற யோசனை மட்டும் செரிக்கவில்லை.

மூன்றாம் நாள் அரியலூர் ரோட்டிலேயே போனோம். இன்றைக்கு உண்மை வெளிவரும் என்று சுருளை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தபடி வந்தேன். கறுப்பு மண், அதில் பருத்தியும் சோளமும். எங்கள் பக்கத்துச் செம்மண்ணைப் பார்த்த கண்ணுக்கு யாரோ நிலத்துக்கு மை பூசியதுபோல இருந்தது. மைல் கல் வந்தது. இன்னொரு மைல் கல் வந்தது. ஓர் ஓடை தாண்டியதும் ரோட்டோரத்தில் ஒரு சுமைதாங்கி.

கொழும்பு வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு கல்லை நட்டு, மேலே பலகைபோல ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருப்பார்கள். நெஞ்சு உயரம் இருக்கும். தலைச்சுமையோடு தனியாக வருகிறவர்கள் யாருடைய கையையும் எதிர்பாராமல் அதன்மேல் சுமையை இறக்கி இளைப்பாறிவிட்டு, மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு போகலாம். அன்று ஒரு பெண் அதில் விறகுக் கட்டை இறக்கிவிட்டு, வெற்றிலை போட்டு, விரலில் மிஞ்சின சுண்ணாம்பைக் கால்கல்லில் தடவிக்கொண்டிருந்தாள். கேட்டால் இவளாவது சொல்வாள் என்று, "அண்ணை, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ" என்றேன்.

காத்தமுத்து நிறுத்தவில்லை. மாடுகளின் வாலை முறுக்கினார். வண்டி பாய்ந்தது. நான் கூண்டுக்குள் மல்லாந்தேன். எழுந்து உட்கார்ந்தபோது அவர் வலக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்தேன்.

"ஏன் அப்பிடி ஓட்டினீங்கள்?"

"மாடு மெரண்டுட்டுது."

அவ்வளவு சாதுவான மாடுகள் மிரளுவதென்றால் என் முகத்தைப் பார்த்துத்தான் மிரண்டிருக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

அன்று அவர் காட்டிய கல், சாத்தனூர்ப் பக்கம் ஓடைக்கரையில் கிடந்த ஒரு மரம். பொய்யில்லை, மரமே கல்லாகிப் போயிருக்கிறது. பட்டையும் கணுவும் அப்படியே தெரிகின்றன, தட்டினால் கல். "ஏரோப்ளேனெல்லாம் நேத்து வந்தது. இது எத்தினி லட்சம் வருசமோ. இதத் தேச்சுட்டுப் போங்க, தொர சந்தோசப்படுவாரு" என்றார் காத்தமுத்து. அவர் முகத்தில் ஒரு கெஞ்சல் இருந்தது. எனக்கு அது நடிப்பாகப் பட்டது. வண்டியில் திரும்பும்போது எனக்குள்ளேயே ஒரு வழக்கு நடத்தினேன். கல்லைத் திருடியது காத்தமுத்து. சாட்சிகள்: காப்பிக் கடைக்காரர், தபால்காரர், மாடு இரண்டு. இந்நேரம் அவர் வீட்டுக் கிணற்றடியில் என் துரையின் புகழின்மேல் யாரோ வேட்டி துவைத்துக்கொண்டிருப்பார்கள்.

நாலாம் நாள் தோல்வியை ஒப்புக்கொண்டேன். அரியலூரில் ரயிலைப் பிடித்துவிடுவது. துரையிடம் கல்லைக் காணவில்லை என்று உள்ளபடி சொல்லிவிடுவது. தோண்டுகிறவர்கள் வந்து தோண்டட்டும். காத்தமுத்துவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் என் பெட்டியை வண்டியில் ஏற்றினார்.

முந்தின இரவெல்லாம் மழை. கொழும்பிலும் மழை பெய்யும், பெய்துவிட்டுப் போய்விடும். இங்கே மழை போன பிறகுதான் வேலையைத் தொடங்குகிறது. கறுப்பு மண் களியாகி, சக்கரத்தில் அப்பி, சக்கரம் தன்னைப்போல இன்னொரு சக்கரத்தைச் சுமந்துகொண்டு உருண்டது. ஓடை தாண்டினோம். சுமைதாங்கி தெரிந்தது. காத்தமுத்து மறுபடி மாட்டு வாலில் கை வைத்தார். மாடுகள் பாய்ந்தன. வண்டி பாயவில்லை. பழைய கடையாணி, அந்த இழுப்பில் கழன்று எங்கேயோ போயிற்று. இடது சக்கரம் எங்களைவிட்டுத் தனியாகப் பயணம் புறப்பட்டது. வண்டி சாய்ந்தது. நான் பெட்டியோடும் சுருளோடும் வெளியே உருண்டு, சறுக்கி, சேற்றில் மல்லாந்து நின்றேன். நின்றேன் என்றால், சறுக்குவது நின்றது.

கண்ணைத் திறந்தேன். என் மூக்குக்கு நேர் மேலே ஓர் ஆகாய விமானம் தலைகீழாகப் பறந்துகொண்டிருந்தது.

செத்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். யாழ்ப்பாணத்தானை அழைத்துப் போக விமானமா வரும் என்று அதிலும் ஒரு சந்தேகம். பிறகுதான் விமானத்தின் இறக்கையில் குளவிக் கூடு ஒன்று தெரிந்தது. அதன் பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்துகள். நான் சுமைதாங்கிக்கு அடியில் கிடந்தேன். மேலே குறுக்கே கிடந்த கல்லின் அடிப்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வரியில் என் துரையின் பெயர். என் வாழ்நாளில் நான் கண்டுபிடித்தது இது ஒன்றுதான். அதையும் நிமிர்ந்து நின்று கண்டுபிடிக்கக் கொடுத்துவைக்கவில்லை.

காத்தமுத்து சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார். என் கண் போன இடத்தைப் பார்த்தார். சக்கரத்தைக் கீழே போட்டுவிட்டு அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"படிச்சுட்டீங்களா?"

"ஓம்."

"இதப் படிச்சிரக் கூடாதுன்னுதான் ரெண்டு நாளாச் சுத்திக் காட்டினேன்" என்றார். "ஊரே சொல்லிச்சு. கொளும்புக்காரர எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ, இந்தப் பக்கம் மட்டும் எறக்கிராதன்னு."

பிறகு அவர் சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அவர் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

விமானம் அந்த வயலில் இறங்கியபோது அவர் இளவட்டம். கறுப்பு மண்ணில் சக்கரம் புதைந்து, வெள்ளைக்காரர் இரண்டு பேரும் முழங்கால் சேற்றில் நின்றிருக்கிறார்கள். ஊரே திரண்டு எட்டுச் சோடி மாடு பூட்டி, கயிறு கட்டி, மேட்டுக்கு இழுத்துவிட்டிருக்கிறது. பின்னால் கல் வந்தது. யுத்தம் வந்தபோது ஊர் மணியக்காரர் ஒரு யோசனை சொன்னார்: ஏரோப்ளேன் படம் போட்ட கல் ரோட்டில் நின்றால், சப்பான்காரன் மேலேயிருந்து பார்த்து, இங்கேதான் ஏரோப்ளேன் நிற்கிற இடம் என்று குண்டு போட்டுவிடுவான். ஆகவே கல்லைச் சாய்த்து, படம் மண்ணைப் பார்க்கக் குப்புறப் போட்டு, மேலே கருவேல முள்ளைப் போட்டு மூடினார்கள்.

இதற்கு நான் சிரிக்க முடியாது. கொழும்பில் நிஜமாகவே குண்டு விழுந்த அன்று, தலையை மேசைக்கு அடியிலும் உடம்பை வெளியிலும் வைத்து உயிரைக் காப்பாற்றிக்கொண்டவன் நான்.

"அதுக்கு மறு வருசந்தான் அஞ்சல" என்றார் காத்தமுத்து. "எம்பொண்ணு. தலப் பிரசவத்துக்கு வூட்டுக்கு அழைச்சாந்திருந்தோம். ஏழு மாசம். காய்ச்ச வந்துட்டுது. இந்த வண்டியிலதான் டவுனுக்குக் கொண்டுட்டுப் போனேன். மழ. இதோ, இந்த எடத்துலதான் சக்கரம் பொதஞ்சுது. வெதப்பு நாளு, ஊருல ஒரு மாடு வூட்டுல இல்ல, எல்லாம் காட்டுல ஏரோட நிக்குது. நானும் கத்துறேன், கத்துறேன்." அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஏரோப்ளேன இழுக்க எட்டுச் சோடி வந்துச்சுங்க. எம்பொண்ணு வண்டிய இழுக்க ஒரு சோடி இல்ல."

மாடுகள் இரண்டும் நின்ற இடத்திலேயே நின்றன.

வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்குச் சுமைதாங்கி போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அவள் இறக்க முடியாமல் சுமந்துகொண்டு போன சுமை, வழியில் போகிறவர்கள் தங்கள் சுமையை இறக்கும்போதெல்லாம் அவளுக்கும் இறங்கும். பலகைக்கல் தேடினார்கள். வண்டி புதைந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி, முள்ளுக்கடியில் ஒரு கல் குப்புறக் கிடந்தது. மேல்பக்கம் வழவழவென்று, அளவெடுத்துச் செய்ததுபோல.

"கல்ல எடுத்துட்டா அவ மறுபடியும் சொமக்கணும்" என்றார் காத்தமுத்து.

நான் மெல்ல உட்கார்ந்தேன். "நான் ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டன், அண்ணை."

"ஆமா, சொல்ல மாட்டாரு!" என்று ஒரு பெண்குரல் கேட்டது. "காப்பிக் கடையில குந்தின ஒடனே ஊர்க்கத பூராச் சொன்ன வாயி அது!"

சோளத்தட்டைக் கட்டு ஒன்று தானாக நடந்து வந்தது. பக்கத்தில் வந்ததும் அதற்குக் கீழே ஓர் அம்மாள் இருப்பது தெரிந்தது. கட்டைச் சுமைதாங்கியின்மேல் தள்ளிவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். காத்தமுத்துவின் மனைவி, பெரியநாயகி.

"சத்தியம் வேணுமெண்டால் பண்ணுறன், அக்கா. ஸ்ரீரங்கத்துச் சாமி மேலை..."

"அந்தச் சாமி கடலு தாண்டி வந்து உங்க வாயப் பொத்துமா?" புருஷனிடம் திரும்பினார். "இதுல சொமைய எறக்குனவன் எவனும் இதுக்குக் கெடுதல் பண்ணினதில்ல. இவரு சொமக்கட்டும். ஓடையிலேருந்து சொமந்தாந்து எறக்கட்டும். அப்பறம் நம்புறதப் பாப்போம்."

"அவரு காயிதம் சொமக்குற ஆளு, புள்ள. கழுத்து முறிஞ்சிரும்."

"முறியட்டும். ஆஸ்பத்திரிக்கு நம்ம வண்டியிலயே கொண்டுட்டுப் போவோம்."

மறுக்க எனக்கு உரிமை இருந்ததாகத் தோன்றவில்லை. அந்த அம்மாளே கட்டைத் திரும்பவும் தூக்கிக்கொண்டு ஓடைவரை வந்து, என் தலையில் சும்மாடு சுற்றி, அதன்மேல் ஏற்றினார். மழையில் நனைந்த சோளத்தட்டை. ஏற்றிய உடனே என் உயரம் குறைந்தது. தட்டை முகத்தை மறைத்தது, வழி தெரியவில்லை. ஒவ்வொரு காலடியையும் கறுப்பு மண் பிடித்து வைத்துக்கொண்டு, யோசித்து, பிறகுதான் திருப்பிக் கொடுத்தது. பாதி வழியில் இடது செருப்பைக் கொடுக்க மறுத்துவிட்டது. "எடது பக்கம் வாங்க! ஐயோ, அது வலது!" என்று காத்தமுத்து கத்தினார். வழியில் போன இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதில் ஒருவர், "யாருய்யா அது, காளான் நடந்து வருது?" என்றார். கழுத்து நடுங்கியது, முதுகு நடுங்கியது, பிறகு எது நடுங்குகிறது என்று தெரியாமல் எல்லாம் நடுங்கியது. கீழே போட்டுவிடலாம் என்று மூன்று தரம் நினைத்தேன். போட்டால் மறுபடி ஏற்றிவிடுவார்களே என்ற பயத்தில்தான் நடந்தேன்.

நெஞ்சில் கல் இடித்தது. குனிந்தேன். கட்டு சரிந்து கல்லின்மேல் உட்கார்ந்தது.

என் கழுத்து எனக்குத் திரும்பக் கிடைத்தது. காற்று முகத்தில் பட்டது. இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வரும்வரை அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

பெரியநாயகி பக்கத்தில் வந்து நின்றார். அவர் குரலில் இப்போது சண்டை இல்லை. "எப்புடி இருக்கு?"

"சுகமா இருக்கக்கா."

"அதேதாங்க அவளுக்கும்."

அதற்குப் பிறகு படி எடுத்தோம். சோளத்தட்டையைப் பிரித்துப் போட்டு அதன்மேல் நான் மல்லாந்து படுத்து, புருஷன் ஒரு நுனியையும் மனைவி ஒரு நுனியையும் பிடித்துக் காகிதத்தைக் கல்லின் அடியில் அழுத்த, மெழுகால் தேய்த்தேன். மெழுகுத் தூள் என் கண்ணில் விழுந்தது. குளவி ஒன்று வந்து என்னை விசாரித்துவிட்டுப் போனது. அவர்கள் இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் தெரியாது. "என்னதான் எழுதியிருக்கு?" என்று பெரியநாயகி கேட்டார்.

தமிழில் சொன்னேன்: இன்னார் இன்னார், மகா தூரம் பறந்து போகையில், இந்த இடத்தில் இறங்கினார்கள், இந்த இடத்திலிருந்தே எழுந்து பறந்தார்கள்.

"எழுந்து பறந்தாங்களா" என்றார் அவர். சொல்லிவிட்டுக் கல்லின் ஓரத்தைக் கையால் தடவினார்.

காத்தமுத்து காகிதத்தின் நுனியை விடாமல் கேட்டார்: "எட்டுச் சோடி மாடு இழுத்துச்சே, அதப் போடலியா?"

"போடேல்லை அண்ணை."

"நெனச்சேன்" என்றார்.

கடையாணிக்குப் பதிலாக ஒரு கருவேலங் குச்சியைச் செருகி, என்னை அரியலூரில் ரயிலுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டு பேரும் வந்தார்கள். வழியனுப்ப என்று நான் நினைத்தேன். ரயில் நகர்ந்தபோது பெரியநாயகி ஜன்னலோடு நடந்து வந்து, "வண்டியில யாரு கேட்டாலும் வாயத் தொறக்காதீங்க!" என்றார். வந்த காரணம் அதுதான்.

கொழும்பில் துரை காகிதத்தை மேசைமேல் விரித்து, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். தம் பெயர் வந்த இடத்தில் நெடுநேரம் நின்றார். பிறகு வழக்கமான சந்தேகம் வந்துவிட்டது.

"சாய்ந்திருக்கிறதா?"

"ஒரு பக்கமும் சாயவில்லை, ஐயா." படுத்திருக்கும் கல் எப்படிச் சாயும்?

"ஜனங்கள் மதிக்கிறார்களா?"

"தலையில் இருப்பதை இறக்காமல் ஒருவரும் அதைக் கடந்து போவதில்லை."

துரைக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் தொப்பியை நினைத்திருப்பார். நான் திருத்தவில்லை. கேட்காமல் இருக்க முடியாமல் ஒன்று மட்டும் கேட்டேன்: வயலிலிருந்து விமானத்தை மேட்டுக்கு இழுத்தது யார்?

அவர் யோசித்தார். "மாடுகள் இருந்தன என்று நினைக்கிறேன்" என்றார். "ஆமாம், ஏதோ மாடுகள்."

அவர் அந்தக் காகிதத்தோடு சீமைக்குக் கப்பலேறிவிட்டார். அவர் தமிழ் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். ஊர்ப் பெயரை நான் எங்கேயும் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். என் வாயைப் பொறுத்தவரை இது ஒரு சாதனை. இதற்கு யாரும் கல் நாட்ட வேண்டாம்.

போன வாரம் ஒரு தபால் கார்டு வந்தது. எழுதத் தெரிந்த யாரையோ வைத்துக் காத்தமுத்து எழுதியிருக்கிறார். "கல் சௌக்கியம். மழை நல்ல மழை. உங்கள் இடது செருப்பு உழும்போது அகப்பட்டது, எடுத்து வைத்திருக்கிறோம். நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை என்று நம்புகிறோம். இவள் மட்டும் முழுசாக நம்பவில்லை என்பதால் இந்தக் கார்டு."

அந்த ரோட்டில் சுமைதாங்கிகள் பல இருக்கின்றன. நீங்கள் போக நேர்ந்தால் எதற்கு அடியிலும் குனிந்து பார்க்காதீர்கள். தலையில் ஏதாவது இருந்தால் மட்டும் இறக்கி வைத்து, கொஞ்சம் நின்றுவிட்டுப் போங்கள். அங்கே ஒருத்திக்கு அது உதவும்.